மெட்டுக்கு வரி எழுதப் பழகுவது எப்படி?

பாட்டெழுத ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: வரி நன்றாக இருந்தால் போதுமா, இல்லை சங்கீதமும் தெரிந்திருக்க வேண்டுமா? கவிதை எழுதிப் பழகியவர்களுக்கு இசை தெரியவில்லையே என்ற பயம். கீபோர்டும் கிடாரும் வாசிப்பவர்களுக்குத் தமிழ் சரியாக வராதே என்ற பயம். இரண்டு பயமும் தேவைக்கு மேல் வளர்ந்துவிட்டவை என்பது என் எண்ணம். ஒரு சொல் வாயில் எவ்வளவு நேரம் நிற்கும், ஒரு ஸ்வரம் காற்றில் எவ்வளவு நேரம் நிற்கும், இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்கத் தெரிந்த காதுதான் முதலில் வேண்டும். அது பழக்கத்தில் வரும். அந்தப் பழக்கத்தை எங்கே தொடங்கி எந்த வரிசையில் செய்வது என்பதைச் சொல்கிறேன். மெட்டு முதலில் வந்து வரி பின்னால் வரும் முறையை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்த் திரைப்பாடல்களில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, புதியவர்கள் தடுமாறுவதும் அங்கேதான்.

எவ்வளவு இசை, எவ்வளவு தமிழ்?

இந்தச் சண்டை புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் 1871-ல் மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்கச் சேர்ந்தார். அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். அவரிடம் போய்ச் சங்கீதமும் கற்றுக்கொண்டிருந்தார் மாணவர். விஷயம் பிள்ளையின் காதுக்கு வந்தது. சங்கீதத்தில் அதிகமாகப் பழகினால் இலக்கண இலக்கியத்தில் புத்தி கூர்மையாகப் போகாது என்று அவர் சொல்லிவிட, சங்கீதப் பாடம் நின்றுபோனது. இதே பிள்ளைதான் அதற்கு முன்னால் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் கீர்த்தனைகளுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டி முன்னால் வைக்கும் பாட்டு, தரத் தயங்கியவர். வரிகளில் இலக்கணப் பிழை இருந்தது அவருக்கு உறுத்தியது. பாரதியார் பலமுறை நடந்தார். ஒருநாள் பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தபோது அவர் தன்னை மறந்து பாட, உள்ளேயிருந்து கேட்ட பிள்ளை உருகிப்போய் வெளியே வந்து பாயிரம் கொடுத்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு 'இலக்கணம் தேவையில்லை, உணர்ச்சி போதும்' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிழைகள் பிழைகள்தான். ஆனால் காகிதத்தில் பார்த்தபோது துருத்திக்கொண்டு நின்ற சொற்கள், பாடியபோது ஸ்வரத்தோடு சேர்ந்து நடந்தன. பெரும்புலவரின் காதும் அதற்கு இளகியது. பாட்டு வரியைக் காகிதத்தில் வைத்து எடைபோடக் கூடாது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்களுக்கு வேண்டியது எவ்வளவு? இசைப் பக்கம்: கையில் விடாமல் தாளம் போடத் தெரிய வேண்டும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. மிஸ்ர சாபு ஏழு, மூன்றும் நாலுமாக. கண்ட சாபு ஐந்து, இரண்டும் மூன்றுமாக. இவற்றை 'தகதிமி', 'தகிட தகதிமி', 'தக தகிட' என்று வாயால் சொல்லிக்கொண்டே கை தட்ட வந்தால் போதும். கேட்ட மெட்டைச் சுமாராகவாவது சுருதி விலகாமல் முணுமுணுக்கத் தெரிய வேண்டும். ராகங்களின் பெயர் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் குடி முழுகாது. தமிழ்ப் பக்கம்: குறில், நெடில், ஒற்று, எதுகை, மோனை. பள்ளியில் படித்ததுதான். அங்கே மதிப்பெண்ணுக்காகப் படித்தோம், இங்கே அது கைக்கருவி.

முதல் வேலை: மெட்டைத் தத்தகாரமாக்குங்கள்

மெட்டு உங்கள் கைக்கு வரும்போது பெரும்பாலும் 'லா லா லா' என்றோ, ஏதோ டம்மி வார்த்தைகளோடோ வரும். டம்மி வார்த்தைகளை உடனே மறந்துவிடுங்கள். அவை மனதில் ஒட்டிக்கொண்டால் நீங்கள் எழுதும் எல்லாமே அதன் நிழலாகத்தான் வரும். போனில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அதைத் தன, தான, தந்த, தத்த, தனன என்று எழுதிக்கொள்ளுங்கள். குறுகிய ஸ்வரத்துக்கு 'த', நீண்டதற்கு 'தா', மூக்கில் மெத்தென்று அழுந்துவதற்கு 'தந்', வெட்டி நிற்பதற்கு 'தத்'. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் வைத்த 'முத்தைத்தரு பத்தித் திருநகை' என்ற தொடக்கத்தைச் சொல்லிப் பாருங்கள். 'தத்தத்தன தத்தத் தனதன' என்ற சந்தம் அதில் ஓர் எழுத்து பிசகாமல் உட்கார்ந்திருக்கும். அர்த்தம் புரியாத குழந்தைகூட அதைத் தாளத்தோடு சொல்லிவிடும்.

தத்தகாரம் எழுதி முடித்ததும் அதன்மேல் மூன்று குறிகள் போடுங்கள். ஸ்வரம் அதிக நேரம் நிற்கும் இடத்தில் ஒரு கோடு. மெட்டு உச்சிக்குப் போகும் இடத்தில் ஒரு அம்பு. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு காற்புள்ளி. இந்தத் தாள்தான் இனி உங்கள் வரைபடம். பலர் இதைச் செய்யாமல் நேராக வார்த்தைக்குப் போய்விடுகிறார்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

இரண்டாவது: யார், யாரிடம், எப்போது

வரி எழுதும் முன் ஒரே வாக்கியத்தில் சூழலை எழுதிவையுங்கள். 'காதல்', 'தாய்ப்பாசம்' என்பதெல்லாம் சூழல் ஆகாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரி கடைசிப் பேருந்தில் வந்து, ஊர் விலக்கில் இறங்கி நடக்கிறாள். இது சூழல். இதில் இருட்டு இருக்கிறது, தூரம் இருக்கிறது, காலுக்குக் கீழே ஒரு பாதை இருக்கிறது. எழுதப் பொருள் தேடி நீங்கள் வெளியே அலைய வேண்டாம்.

மூன்றாவது: அளவுக்குள் சொல்லை வைப்பது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் எல்லா வித்தையும் இங்கேதான் இருக்கிறது.

மேலே சொன்ன சூழலுக்கு 'தான தந்தன தான தந்தன' என்று ஒரு மெட்டு வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டிப் பாருங்கள்: 'தான' மூன்று மாத்திரை (எழுத்து ஒலிக்கும் நேரத்தின் அளவு; குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு), 'தந்தன' நாலு. ஏழு. மிஸ்ர சாபு. நடந்து வருகிறவளுக்குப் பொருத்தமான, கொஞ்சம் அசைந்து போகிற நடை.

புதியவர் ஒருவர் இதற்கு முதலில் எழுதுவது அநேகமாக இப்படி இருக்கும்:

கிராமம் தெரிந்தது மனசு மகிழ்ந்தது

காகிதத்தில் குற்றமில்லை. பாடிப் பாருங்கள். முதல் ஸ்வரம் நீளம், ஆனால் அங்கே நிற்பது 'கி' என்ற குறில். பாடகர் அதை இழுத்தே ஆக வேண்டும், 'கீராமம்' ஆகிவிடும். அடுத்த பாதியில் 'மனசு', 'மானசு' ஆகும். நம் மொழியில் இது உச்சரிப்புக் குறையோடு நிற்பதில்லை, அர்த்தமே மாறிவிடும். மலையை இழுத்தால் மாலை, கலையை இழுத்தால் காலை, விடுவை இழுத்தால் வீடு, கொடுவை இழுத்தால் கோடு, மனத்தை இழுத்தால் மானம். நீண்ட ஸ்வரத்தில் நெடிலை வையுங்கள் என்று பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அதையே இப்படி மாற்றிப் பார்ப்போம்:

ஊரு வந்தது பேரு சொல்லுது
வேலி முள்ளுல சேலை சிக்குது

ஊ, பே, வே, சே நாலும் நெடில், நாலும் 'தா' நிற்கும் இடத்தில். வந், சொல், முள், சிக் நாலும் குறிலோடு ஒற்று, 'தந்' நிற்கும் இடத்தில். பாட்டில் குறிலோடு ஒற்று சேர்ந்தால் நெடில் அளவுக்கு இடம் பிடித்துக்கொள்ளும், அதனால் இழுக்கவும் வேண்டாம், விழுங்கவும் வேண்டாம். இன்னொன்றும் கவனியுங்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் தாளத்தின் தட்டு விழும் இடத்தில் விழுகிறது. கேட்பவருக்குச் சொல் எங்கே தொடங்குகிறது என்பதில் குழப்பமே வராது.

பொருளைப் பாருங்கள். முதல் வரைவில் 'மகிழ்ந்தது' என்று நாமே சொல்லிவிட்டோம். இரண்டாவதில் மகிழ்ச்சி என்ற சொல்லே இல்லை. கம்பெனியில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாதவளை ஊர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, வேலி முள் சேலையைப் பிடித்து நிறுத்துகிறது. அளவுக்குள் அடக்க வேண்டிய கட்டாயம்தான் இந்த முள்ளையும் சேலையையும் தேட வைத்தது. 'தான' என்ற இடத்துக்கு இரண்டெழுத்துச் சொல் வேண்டும், முதலெழுத்து நெடிலாக வேண்டும் என்று தேடும்போது ஆறு, ஏரி, வேலி, கூரை, சேலை என்று அந்த ஊரே கண்முன் வந்து நின்றுவிடும். சந்தம் கையைக் கட்டுகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: கட்டிய பிறகுதான் கை தேடத் தொடங்குகிறது.

வரியைத் திருத்தும்போது வழியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 'வேலி முள்ளது சேலை தொட்டது' என்றுதான் அது முதலில் வந்தது. 'முள்ளது'வில் இருக்கும் 'அது' வெறும் இட்டுநிரப்பல். 'தொட்டது' மென்மையாக இருந்தாலும் முள் தொடாது, சிக்கும். 'முள்ளிலே' என்று போட்டால் கடைசி எழுத்து நீண்டு ஒரு மாத்திரை கூடிவிடுகிறது. 'முள்ளுல' என்ற பேச்சு வடிவம் சரியாக உட்கார்ந்தது. ஊரு, பேரு என்று தொடங்கிவிட்டதால் 'முள்ளுல' அந்நியமாகவும் இல்லை. எழுத்து நடையையும் பேச்சு நடையையும் ஒரே பல்லவியில் காரணமில்லாமல் கலக்காதீர்கள். 'ஊரு' என்று தொடங்கி அடுத்த வரியில் 'நோக்கினேன்' என்று எழுதினால் பாடுகிறவள் யார் என்பதே மறந்துபோகும்.

எதுகை மோனையைத் தேடி இந்த வரிகளை எழுதவில்லை, ஆனாலும் ஊரு-பேரு, வேலி-சேலை என்று வந்து சேர்ந்திருக்கிறது. சந்தம் சரியாக இருந்தால் பாதி எதுகை தானாக வரும். மீதிப் பாதிக்காகப் பொருளை விற்றுவிடாதீர்கள்.

நான்காவது: உச்சியிலும் முடிவிலும் என்ன எழுத்து?

மெட்டு உச்சிக்குப் போகும் இடத்தில் அம்பு போட்டீர்களே, அங்கே ஆ, ஏ, ஓ போன்ற வாய் திறக்கும் உயிர் வரட்டும். இகரமும் உகரமும் மேல் ஸ்தாயியில் பாடகரின் குரலை இறுக்கும். நம்ப வேண்டாம், நீங்களே உங்கள் குரலின் உச்சத்தில் 'தீ' என்றும் 'தா' என்றும் பாடிப் பாருங்கள்.

வரி முடிவில் இன்னொரு பொறி உண்டு. காற்று, நேற்று, பாட்டு, அன்பு எல்லாம் குற்றியலுகரத்தில் முடிகிறவை. அந்தக் கடைசி உகரத்துக்கு இலக்கணமே அரை மாத்திரைதான் கொடுத்திருக்கிறது. மெட்டு அங்கே நாலு எண்ணிக்கை நின்றால் 'காற்றூ' என்று பாட வேண்டியிருக்கும், கேட்கச் சகிக்காது. 'காற்றே' என்றோ 'காற்றிலே' என்றோ மாற்றினால் நிற்க இடம் கிடைக்கும். நம் பாடல்களில் இத்தனை வரிகள் ஏகாரத்திலும் ஓகாரத்திலும் முடிவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மெட்டு சட்டென்று நின்றுவிடும் இடமாக இருந்தால் குற்றியலுகரம் அழகாகவே இருக்கும், அங்கே அதைத் தாராளமாக வையுங்கள்.

மூச்சுக் குறியையும் மதியுங்கள். சொல்லின் நடுவே மூச்சு விழக் கூடாது. யாப்பில் இதற்கு வகையுளி என்று பெயர். 'தலைவன்' என்ற சொல்லின் நடுவில் மெட்டு நின்றால் கேட்பவருக்கு முதலில் கிடைப்பது வெறும் தலை. செய்யுளில் கண் சேர்த்துப் படித்துக்கொள்ளும், காதுக்கு அந்த வசதி இல்லை.

ஓசையின் மென்மையும் வன்மையும் பற்றி ஒரு வார்த்தை. தொல்காப்பியம் இருபது வண்ணங்களைச் சொல்கிறது. வல்லெழுத்து மிகுவது வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுவது மெல்லிசை வண்ணம், இடையெழுத்து மிகுவது இயைபு வண்ணம். தாலாட்டுக்கு ம, ந, ல, ழ. குத்துப்பாட்டுக்கு க்க, ட்ட, த்த. இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் மெதுவான மெட்டில் வரி ஏனோ முரடாக இருக்கிறதே என்று தோன்றினால் முதலில் வல்லொற்றுகளை எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாவது: பல்லவிக்குப் பிறகு

திரைப்பாட்டில் பெரும்பாலும் ஒரு பல்லவி, இரண்டு சரணம், நடுவில் இடையிசை. பல்லவி திரும்பத் திரும்ப வருவது. அதனால் அதில் கதை சொல்லாதீர்கள், ஒரு நிலையைச் சொல்லுங்கள். நகர்வது சரணத்தின் வேலை. நம் உதாரணத்தில் முதல் சரணத்தில் அவள் திருப்பூரை நினைக்கலாம்: மெஷின் சத்தம், டீக்கடை, ஹாஸ்டல் அறையில் ஒரே ஜன்னல். இரண்டாவது சரணத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம். இரண்டு சரணத்தையும் இடம் மாற்றிப் பாடினாலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் பாட்டு நகரவில்லை என்று அர்த்தம். திரும்பவும் எழுதுங்கள். ஒவ்வொரு சரணத்தின் கடைசி வரியும் பல்லவியின் முதல் சொல்லுக்குக் கை கொடுக்க வேண்டும், 'ஊரு' என்று மறுபடி தொடங்கும்போது அது புதிதாகக் கேட்க வேண்டும்.

இசை தெரிந்தவர்களுக்குச் சில வார்த்தை

இதுவரை சொன்னதெல்லாம் எழுதுகிறவர் பக்கம். வாசிப்பவர்கள் தனியாகப் பாட்டுக் கட்டும்போது வேறு மாதிரித் தவறுகிறார்கள். கை வேகம் இருப்பதால் மெட்டில் ஸ்வரம் கூடிவிடுகிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் எழுத்து கேட்டால் வரியில் இட்டுநிரப்பல்தான் மிஞ்சும். மெட்டில் வெற்றிடம் விடுங்கள். ஒரு சொற்றொடர் முடிந்ததும் இரண்டு எண்ணிக்கை சும்மா விட்டால், கேட்டது மனதில் இறங்க நேரம் கிடைக்கும். முக்கியமான சொல் விழும் இடத்தில் சங்கதியை, அதாவது மெட்டை வளைத்து அலங்கரிக்கும் ஸ்வரக் கோவையை, சுருட்டாதீர்கள். சங்கதியின் அழகில் சொல் கரைந்துபோகும். அதற்கு அடுத்த சொல்லில் சுருட்டுங்கள். உங்கள் மெட்டை உங்கள் குரலுக்கு மட்டும் கட்டாமல், சாதாரண ஆள் குளிக்கும்போது பாடக்கூடிய எல்லைக்குள் பல்லவியையாவது வையுங்கள்.

விட்டுக்கொடுப்பது இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். நல்ல சொல் ஒன்று கிடைத்து, அதற்கு ஓர் எழுத்து கூடுதலாகத் தேவைப்பட்டால் இசையமைப்பாளரிடம் கேளுங்கள். ஒரு நீண்ட ஸ்வரத்தை இரண்டாக உடைப்பது அவருக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் 'எனக்கு இந்த வரி பிடிக்கும்' என்று கேட்காதீர்கள், பாடிக் காட்டிக் கேளுங்கள். மகாகவி சுப்பிரமணிய பாரதியார் தன் பாடல்கள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் குறித்தே வைத்தார். இன்று அவற்றில் பல வேறு ராகங்களில் பாடப்படுகின்றன, பாட்டு குலையவில்லை. தனக்குள்ளேயே தாளம் இருக்கும் வரி எந்த மெட்டிலும் நிற்கும். அப்படி ஒரு வரி உங்களிடம் இருந்தால் மெட்டு வளைந்துகொடுக்கும்.

சோதனை

முடித்த பாட்டை மூன்று விதமாகச் சோதியுங்கள். முதலில் மெட்டில்லாமல், பேசுவது போல உரக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் இப்படிப் பேசுவாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வாத்தியம் எதுவும் இல்லாமல் கைத்தாளத்தோடு மட்டும் பாடுங்கள். கீபோர்டின் கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) தாளப்பதிவும் பலவீனமான வரியை நன்றாக மறைத்துவிடும், அவை இல்லாதபோது எல்லாம் வெளியே வரும். கடைசியாக, வரியைப் பார்க்காத ஒருவருக்குப் போனில் பாடி அனுப்பி, காதில் விழுந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. அவர் எங்கே தவறாக எழுதுகிறாரோ அங்கே அநேகமாக ஒரு குறில் இழுபட்டிருக்கும், அல்லது ஒரு சொல் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். அவர் காதைக் குறை சொல்லாமல் அந்த இடத்தைத் திருத்துங்கள்.

பாட்டு வெளியே போகும் முன்

ஒருவர் மெட்டும் இன்னொருவர் வரியும் செய்திருந்தால் சட்டம் அவற்றை இரண்டு தனிப் படைப்பாகத்தான் பார்க்கிறது. இந்தியாவின் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வரிகள் இலக்கியப் படைப்பு. இசைப் படைப்பு என்பதன் விளக்கத்தில் சொற்கள் சேராது. படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும். 2012-ல் வந்த திருத்தம் புதியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. திரைப்படத்துக்கோ ஆல்பத்துக்கோ உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், ராயல்டியில் உங்களுக்குரிய சமபங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்க முடியாது. படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் காட்டப்படுவதற்கு மட்டும் விலக்கு. எனவே நண்பர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். மெட்டு யாருடையது, வரி யாருடையது, பங்கு எப்படி என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டு அப்புறம் ஸ்டூடியோவுக்குப் போங்கள்.